ஆற்றில் கிடைத்த பூப்போட்ட எலும்பு: ஆமை ஓடுதானா?

#1 கோலப்பொடி

வணக்கம். இங்கே நான் எழுதுவது குறைவு, படிப்பதோடு சரி. ஃபுளோரிடாவில் இருக்கிறோம். போன சனிக்கிழமை ஆர்கேடியா ஊருக்குப் பக்கத்தில் பீஸ் ஆற்றில் இறங்கிச் சல்லடை போட்டோம். மகனுக்கு ஒன்பது வயது, சுறாப்பல் பைத்தியம். மழையில்லாத மாதங்களில் ஆறு முழங்கால் அளவுக்கு வற்றிவிடும். அடியில் இருக்கும் சரளையை மண்வெட்டியால் அள்ளிச் சல்லடையில் கொட்டி அலசினால் சுறாப்பல் கைநிறையக் கிடைக்கும். முதலைக்காக ஒரு கண்ணைக் கரையில் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இந்த முறை பல்லோடு பல்லாக இது வந்தது. படம் இணைத்திருக்கிறேன். ஆறு பக்கம் உள்ள ஒரு கட்டி. கரி மாதிரி கறுப்பு. குறுக்கே நாலு செ.மீ. இருக்கும். மேல்பக்கம் நடுவில் ஒரு வட்டம், அதைச் சுற்றி இதழ் இதழாகச் சின்ன வட்டங்கள். யாரோ பொறுமையாக உட்கார்ந்து கோலம் செதுக்கியது போல இருக்கிறது. அடிப்பக்கம் வழுவழுப்பு. பழைய கட்டடத்து ஓடு என்கிறார் கணவர். டைனோசர் என்கிறான் மகன். எனக்கு எலும்பு என்று படுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

#2 வம்பன்

ஆமை ஓடு. ஃபுளோரிடாவில் ஒரு காலத்தில் ராட்சத நில ஆமைகள் இருந்தன. இழையை மூடிவிடலாம்.

#3 பின்வரிசை

டைனோசர் என்று சொன்ன தம்பிக்கு என் ஓட்டு.

#4 கல்லுடைப்பான்

டைனோசருக்கு வாய்ப்பே இல்லை. டைனோசர் காலத்தில் ஃபுளோரிடா கடலுக்கு அடியில் கிடந்தது. அங்கே மேலாகக் கிடைப்பவை எல்லாம் அதற்கு வெகுகாலம் பிந்தியவை. தம்பியை மெதுவாகத் தேற்றுங்கள்.

ஆமையும் இல்லை என்றே நினைக்கிறேன். ஆமையின் எலும்பு ஓட்டின் மேல் நகம் போன்ற செதிள்கள் ஒட்டியிருக்கும். இரண்டு செதிள் சேரும் இடத்தில் எலும்பில் ஒரு வரி பள்ளமாக விழும். வரி விழுமே தவிர இப்படிப் பூ விழாது.

அம்மா, நாலு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். கனம் எவ்வளவு? ஓரங்கள் வழவழப்பாக இருக்கின்றனவா, அல்லது இன்னொரு துண்டோடு பல்லுக்குப் பல் கோத்திருந்ததுபோல் சொரசொரப்பா? பூவின் பள்ளங்கள் சந்திக்கும் இடத்தில் ஊசித்துளை மாதிரி ஏதாவது உண்டா? உடைந்த பக்கம் ஏதாவது இருந்தால் உள்ளே எப்படி இருக்கிறது?

#5 கோலப்பொடி

ஸ்கேல் வைத்துப் பார்த்தேன் ஐயா. கனம் கிட்டத்தட்ட இரண்டு செ.மீ. ஓரம் எல்லாப் பக்கமும் சொரசொரப்பு. துளைகள் இருக்கின்றன, மூன்று நாலு, நீங்கள் சொன்ன அதே இடத்தில். ஒரு மூலை உடைந்திருக்கிறது. மேலும் கீழும் கெட்டியாக ஒரு தோல், நடுவில் ரொட்டி மாதிரி பொறுபொறுவென்று. இதையெல்லாம் பார்க்காமலேயே எப்படிக் கேட்டீர்கள்?

#6 கல்லுடைப்பான்

கேட்டது ஆமையை ஒதுக்கிவைக்க மட்டும் இல்லை. அந்த ஆற்றில் கவசம் போட்ட பாலூட்டிகள் மூன்று வகை கிடைக்கின்றன, அவற்றைப் பிரிக்கத்தான்.

முதலாவது, எலும்பு ஓடு போட்ட இன்றைய அமெரிக்கப் பிராணியான ஆர்மடில்லோவுக்கு நெருங்கிய ஒன்று, தாசிபஸ் பெல்லஸ் என்று பெயர். அதன் தகடுகளிலும் பூ உண்டு, ஆனால் சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரியவை, மெல்லியவை. இரண்டாவது பாம்பதேர் கூட்டம்; அங்கே கிடைப்பது ஹோல்மெசினா. அதன் தகட்டில் பூ கிடையாது. ஓரத்தைச் சுற்றி வரப்பு கட்டியதுபோல் ஒரு விளிம்பு, நடுவில் ஒரு மேடு, அவ்வளவுதான். உடம்பின் நடுப்பகுதித் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சரியும், அதனால் ஒரு பக்கம் வழவழப்பாக இருக்கும். மூன்றாவது கிளிப்டோடான் கூட்டம். கனமான தகடு, நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் சிறு வட்டங்கள், எல்லாப் பக்கமும் கோத்த ஓரம். துளைகள் மயிர்க்கால்கள் இருந்த இடம். ஆமாம், அந்த ஓட்டின் இடுக்குகளில் மயிர் முளைத்திருந்தது.

உங்களிடம் இருப்பது மூன்றாவது. வட அமெரிக்காவில் இருந்த கிளிப்டோதேரியம் என்ற பிராணியின் முதுகுத் தகடு. ஒரு முழு ஓட்டில் இப்படி ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். படத்தை வைத்துச் சொல்கிறேன், கையில் எடுத்துப் பார்த்தவர் சொல்வதே முடிவு.

கறுப்பு நிறம் அதற்கு உயிரோடு இருந்தபோது வந்ததல்ல. அந்தப் பக்கம் முழுவதும் பாஸ்பேட் நிலம், எலும்பு அதை உறிஞ்சிக் கறுத்துவிடும்.

#7 பின்வரிசை

ஐயா, ஆர்மடில்லோ என்றால் நம் ஊர் எறும்புதின்னிதானே? அழுங்கு என்பார்களே, தொட்டால் உருண்டுகொள்ளும்.

#8 மரபணு மல்லி

இல்லை! தமிழ்ப் பத்திரிகைகளில் இந்தக் குழப்பத்தை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. அழுங்கின் செதிள் நம் நகம் எந்தப் பொருளோ அதே பொருள். எரித்தால் முடி கருகும் நாற்றம்தான் வரும். ஆர்மடில்லோவின் ஓடு தோலுக்குள்ளேயே விளைந்த எலும்பு. மேலே மட்டும் நகம் போன்ற மெல்லிய போர்வை. உறவு முறையில் அழுங்கு நாய், பூனை கூட்டத்துக்குப் பக்கம். ஆர்மடில்லோ, தேவாங்கைப் போலத் தொங்கும் ஸ்லாத், அமெரிக்க எறும்புண்ணி மூன்றும் ஒரு குடும்பம், தென் அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த குடும்பம்.

ஆமையும் வேறு கணக்கு. ஆமைக்கு விலா எலும்பே விரிந்து ஓடாகிவிட்டது, அதை விட்டு அது வெளியே வரவே முடியாது. கிளிப்டோடானின் விலா எலும்புகள் தனி, ஓடு தனி. சட்டைக்குப் பதில் வீட்டைப் போட்டுக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்மடில்லோவுக்கும் கிளிப்டோடானுக்கும் வெளிப்படையாகத் தெரியும் வித்தியாசம் ஒன்று உண்டு. ஆர்மடில்லோவின் முதுகு நடுவில் பட்டை பட்டையாக மடங்கும். கிளிப்டோடானின் ஓடு கவிழ்த்த அண்டா, மடங்காது. உள்ளே முதுகெலும்பும் கழுத்துப் பக்கம் சிலது, முதுகில் சிலது என்று ஒட்டிக் குழாய் மாதிரி ஆகிவிட்டது. அந்த எடையைத் தாங்க வேறு வழி இல்லை.

#9 வம்பன்

எடை எவ்வளவு? கார் அளவு என்று எல்லாச் செய்தியிலும் போடுகிறார்கள். எந்தக் கார்?

#10 கல்லுடைப்பான்

நியாயமான கேள்வி. அவர்கள் சொல்வது ஃபோக்ஸ்வாகன் பீட்டில். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், பெரிய கிளிப்டோடானின் நீளம் மாருதி 800 அளவு, மூன்று மீட்டருக்குச் சற்று மேல். எடை மட்டும் இரண்டு மாருதி. டீடிகூரஸ் என்ற இன்னொன்று அதைவிடவும் நீளம், வாலோடு சேர்த்தால் மூன்றரை மீட்டரைத் தாண்டும்.

ஆனால் தொடங்கியது சிறியதாகத்தான். படகோனியாவின் சாந்தா க்ரூஸ் பாறைகளில் கிடைக்கும் பழைய வகைகள் நூறு கிலோவைக்கூட எட்டவில்லை. சிலியின் வடக்கே ஆண்டீஸ் மலைமேல், 4,000 மீட்டருக்கும் உயரத்தில், 1.8 கோடி ஆண்டு பழையது ஒன்று கிடைத்து 2007இல் பெயர் வைத்தார்கள். அதுவும் ஒரு தொண்ணூறு கிலோதான். பெயர் பாராப்ரோபாலேஹோப்ளோஃபோரஸ். தட்டச்சு செய்வதற்குள் எனக்கு மூச்சு வாங்குகிறது.

#11 கடல்காக்கை

இந்த இழைக்கு நான் வராமல் இருந்தால் பாவம். கப்பலில் என்ஜினியர் வேலை. தானியம் ஏற்ற அர்ஜென்டினாவுக்கு நாலைந்து தடவை போயிருக்கிறேன். ஒரு தடவை புவெனஸ் ஐரஸில் இரண்டு நாள் சும்மா கிடைத்தது. லா பிளாட்டா ஊரில் பெரிய அருங்காட்சியகம் இருக்கிறது என்று ஏஜென்ட் பையன் சொல்ல, ரயில் ஏறிப் போனேன். 1888இல் திறந்த கட்டடம். உள்ளே ஒரு கூடத்தில் இந்த ஓடுகள் வரிசையாக நிற்கின்றன. கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் அண்டாக்களைக் கவிழ்த்து வைத்திருப்பார்களே, அப்படி. மல்லி எழுதிய அண்டா உவமையைப் படித்ததும் சிரித்துவிட்டேன். கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு அண்டாவிலும் வேறு வேறு கோலம். ஒரு வகைக்குப் பூ, இன்னொரு வகைக்கு வெறும் புள்ளிப் புள்ளியாக, டீடிகூரஸுக்குப் பூவே இல்லை, துளை துளையாக இருக்கும்.

வந்த பிறகு படித்ததைச் சொல்கிறேன். இந்த ஓட்டை எழுத்தில் வைத்த பழைய ஆள் ஒருவர் தாமஸ் ஃபால்க்னர். இங்கிலாந்துக்காரர், மருத்துவம் படித்தவர், ஏசு சபைத் துறவி. கார்கரன்யா ஆற்றங்கரையில் அறுகோணச் சிற்றெலும்புகளால் ஆன ஓடு ஒன்றைப் பார்த்தார். ஒவ்வொரு எலும்பும் ஒரு அங்குலம், முழு ஓடு ஏறத்தாழ மூன்று கஜம். அளவைத் தவிர மற்றபடி அது ஆர்மடில்லோ ஓடு மாதிரியே இருக்கிறது என்று எழுதினார். புத்தகம் வந்தது 1774இல். கவனியுங்கள், அப்போதே ஆர்மடில்லோ என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு படித்தவர்கள் எல்லோரும் சேர்ந்து அறுபது வருஷம் குழப்பினார்கள்.

#12 பின்வரிசை

என்ன குழப்பம் அண்ணா? பாதியில் நிறுத்தாதீர்கள்.

#13 கடல்காக்கை

வாட்ச் முடிந்து வந்தேன். இதோ மீதி.

புவெனஸ் ஐரஸுக்கு மேற்கே லுஹான் பக்கம் 1780களின் இறுதியில் யானை அளவு எலும்புக்கூடு ஒன்று கிடைத்து மாட்ரிட்டுக்குப் போனது. பாரிசில் இருந்த விலங்கியல் அறிஞர் கூவியே அதன் படங்களைப் பார்த்து, இது தரையில் நடந்த ஸ்லாத் என்று கண்டுபிடித்து 1796இல் மெகாதேரியம் என்று பெயர் வைத்தார். அருமையான வேலை. ஆனால் அதே மண்ணில் எலும்புத் தகடுகளும் வந்துகொண்டே இருந்தன. அந்த ஓட்டுக்கு உடம்பு இல்லை, இந்த உடம்புக்கு ஓடு இல்லை. உருகுவேயின் பாதிரியார் லாரன்யாகா எழுதிய கடிதத்தை வைத்துக் கூவியேவே தன் நூலில், மெகாதேரியத்துக்குக் கவசம் இருந்திருக்கலாம் என்று ஒரு குறிப்புப் போட்டுவிட்டார். பெரிய ஆள் சொன்னால் போதாதா? ஓடு போட்ட ஸ்லாத் ஊர் முழுக்க நடக்க ஆரம்பித்துவிட்டது.

இப்போது 1832. பீகிள் கப்பல் பஹியா பிளாங்கா பக்கம் நிற்கிறது. டார்வினுக்கு 23 வயது. புண்டா ஆல்டா கரையில் எலும்பு பொறுக்குகிறார். இன்று அங்கே கடற்படைத் தளம். எங்கள் கப்பல் அந்த வாய்க்காலில்தான் போனது, நான் டெக்கில் நின்று பார்த்துக்கொண்டே போனேன், ஒன்றும் தெரியவில்லை, சேறும் கிரேனும்தான். அவருக்கு அறுகோணத் தகடுகளின் ஒரு பெரிய பரப்பு கிடைத்தது. கேம்பிரிட்ஜில் இருந்த தன் ஆசிரியர் ஹென்ஸ்லோவுக்குக் கடிதம் எழுதுகிறார். சமீபத்திய ஆய்வுகள் இத்தகடுகள் மெகாதேரியத்துடையவை என்கின்றன, அந்த ஆய்வுகள் என்ன என்று கேட்டுவிட்டு, ஆனால் பார்த்த உடனே எனக்கு இது ஒரு ராட்சத ஆர்மடில்லோவுடையது என்றுதான் தோன்றியது, இங்கே அந்தச் சாதிப் பிராணி நிறைய இருக்கிறது என்கிறார்.

உடனே தோன்றியது சரி. படித்தது தப்பு.

#14 வம்பன்

கொஞ்சம் நில்லுங்கள். ஸ்லாத்துக்குத் தோலில் எலும்பே கிடையாது என்று எழுதுகிறீர்களா? மைலோடான் என்ற பழைய தரை ஸ்லாத்துக்கு உண்டே. சிலியில் குகையிலிருந்து எடுத்த காய்ந்த தோலில் கூழாங்கல் மாதிரி எலும்புகள் பதிந்திருப்பதைப் படத்தில் பார்த்திருக்கிறேன்.

#15 கல்லுடைப்பான்

வம்பன் சொல்வது சரி, முதல் தடவையாக. மைலோடான் தோலுக்குள் சிறு எலும்புக் கட்டிகள் இருந்தன. அவை ஒன்றோடொன்று கோக்காதவை, பூவும் இல்லாதவை. மெகாதேரியத்துக்கு அதுவும் கிடையாது. ஆக கூவியேவின் குறிப்பு முழு முட்டாள்தனம் இல்லை, தப்பான ஸ்லாத்தைப் பிடித்துக்கொண்டது.

குழப்பம் தீர்ந்தது லண்டனில். புவெனஸ் ஐரஸில் பிரிட்டிஷ் பிரதிநிதியாக இருந்த உட்பைன் பாரிஷ் அனுப்பியவற்றில் ஓட்டோடு கூடவே காலெலும்புகள் இருந்தன. எலும்புகளை ஆராய்ந்த அறிஞர் ரிச்சர்ட் ஓவன் ஒரு பல்லையும் வைத்துக்கொண்டு 1839இல் இது தனிப் பிராணி என்று பிரித்து, கிளிப்டோடான் என்று பெயர் வைத்தார். செதுக்கிய பல் என்று பொருள். பல்லின் இரண்டு பக்கமும் உளியால் இழுத்ததுபோல் ஆழமான பள்ளங்கள், மேலிருந்து பார்த்தால் மூன்று மடல். எனாமல் இல்லை, தேயத்தேய வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லையும் மண்ணையும் சேர்த்து மென்றாலும் கவலை இல்லை.

என் வருத்தம் ஒன்று உண்டு. இவ்வளவு பெரிய பூப்போட்ட ஓட்டை விட்டுவிட்டுப் பல்லுக்குப் போய்ப் பெயர் வைத்தார் பாருங்கள்.

#16 மரபணு மல்லி

இனி என் முறை. கடல்காக்கை அண்ணா சொன்ன கதைக்கு 2016இல்தான் கடைசிப் பக்கம் எழுதினார்கள்.

ஓவனுக்குப் பிறகும் பாடநூல்களில் கிளிப்டோடான்கள் ஆர்மடில்லோவின் உறவினர், தனிக் குடும்பம் என்றுதான் இருந்தன. ஒன்றுவிட்ட சித்தப்பா மாதிரி. எலும்பை வைத்து எவ்வளவு நெருக்கம் என்று சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அதன் உடம்பில் எல்லாமே உருமாறிக் கிடந்தது. மண்டையோடு குட்டை, தாடை ஆழம், முதுகு குழாய். அப்புறம் பிரான்சின் ஃபிரெடெரிக் டெல்சுக், கனடாவின் ஹென்ட்ரிக் போய்னார் குழு, டீடிகூரஸ் ஓட்டின் ஒரு துண்டிலிருந்து மரபணு எடுத்தது. துண்டுக்கு வயது சுமார் 12,000 ஆண்டு. சூடான நிலத்தில் மரபணு சீக்கிரம் சிதைந்துவிடும், மிஞ்சியது பொடிப்பொடி. அதைப் பொறுக்கத் தூண்டில் வேண்டும். வழக்கமாக நெருங்கிய உறவினரின் மரபணுவைத் தூண்டிலாகப் போடுவார்கள். இங்கே நெருங்கிய உறவினர் யார் என்பதே கேள்வி! அதனால் இன்றைய ஆர்மடில்லோ, ஸ்லாத், எறும்புண்ணி வரிசைகளை வைத்து அவற்றின் மூதாதையர் வரிசை எப்படி இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, அந்தக் கணக்கையே தூண்டிலாக்கினார்கள். மைட்டோகாண்ட்ரியா மரபணு ஏறக்குறைய முழுசாக வந்தது.

விடை: கிளிப்டோடான் ஆர்மடில்லோவின் உறவினர் இல்லை. அதுவே ஆர்மடில்லோ. குடும்ப மரத்தில் வெளியே நிற்கவில்லை, நடுவில் உட்கார்ந்திருக்கிறது. சுமார் 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன் கிளை பிரிந்தது. 2014 கால்பந்து உலகக்கோப்பைக்குப் பிரேசில் வைத்த சின்னம் ஞாபகம் இருக்கிறதா, ஃபுலேகோ? அது உருண்டுகொள்ளும் மூன்றுபட்டை ஆர்மடில்லோ. அதற்கு, ஃபுளோரிடாவில் ரோட்டோரம் ஓடும் ஒன்பதுபட்டை ஆர்மடில்லோவைவிட, இரண்டு மாருதி எடை கிளிப்டோடான்தான் நெருங்கிய சொந்தம். அதே கிளையில்தான் உள்ளங்கையில் அடங்கும் இளஞ்சிவப்பு தேவதை ஆர்மடில்லோவும், நூறு கிராம் சொச்சம்.

1832இல் டார்வின் ராட்சத ஆர்மடில்லோ என்று எழுதியதை உவமை என்று நினைத்திருந்தேன். எழுத்துக்கு எழுத்து உண்மை.

#17 கோலப்பொடி

இதை மகனுக்குப் படித்துக் காட்டினேன். எங்கள் தோட்டத்தைத் தோண்டிப்போடும் ஆர்மடில்லோ இந்த எலும்புக்குத் தூரத்துச் சொந்தம்தானா, கிட்டத்துச் சொந்தமில்லையா என்று ஏமாற்றமாகக் கேட்கிறான். டைனோசர் போனது பற்றிக் கவலையே இல்லை இப்போது.

கேள்வி: வாலில் முள் கதாயுதம் இருந்ததாமே?

#18 பின்வரிசை

பீமன்!

#19 கல்லுடைப்பான்

கதாயுதம் எல்லாவற்றுக்கும் கிடையாது. உங்கள் கிளிப்டோதேரியத்துக்கு வாலைச் சுற்றி எலும்பு வளையங்கள் மட்டும், கூம்பு கூம்பாக. கதாயுதம் டீடிகூரஸுடையது. வாலின் அடிப்பாகம் வளையம் வளையமாக வளையும், நுனிப்பாகம் ஒரே உருளை, கடைசியில் தடித்த குமிழ். குமிழில் குழிகள் இருக்கின்றன, அதில் கொம்பு முட்கள் பதிந்திருந்தன என்று கருதுகிறார்கள். முட்கள் கிடைக்கவில்லை.

கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இது பிடிக்கும். மட்டையில் ஓர் இடத்தில் பந்து பட்டால் கை அதிராது, பந்து பறக்கும். தப்பான இடத்தில் பட்டால் மணிக்கட்டு வரை சுளீர் என்னும். 2009இல் உருகுவேயின் பிளாங்கோ, ஜோன்ஸ், ரிண்டர்க்னெக்ட் மூவரும் கிளிப்டோடான் வால்களில் அந்த இடம் எங்கே என்று கணக்கிட்டார்கள். பெரிய வகைகளில் அது சரியாக முட்கள் இருந்திருக்கும் இடத்தில் விழுந்தது.

#20 வம்பன்

வாள்பல் பூனையை அடிக்க. சரி.

#21 மரபணு மல்லி

அதில்தான் சந்தேகம். அந்த இடத்தில் படும்படி அடிக்க எதிரி அசையாமல் நிற்க வேண்டும். வாள்பல் பூனையான ஸ்மைலோடான் நிற்குமா? அதோடு இந்தக் குடும்பத்துக்குக் கண் மோசம். இன்றைய ஆர்மடில்லோ, ஸ்லாத் எல்லாவற்றுக்கும் நிறம் பார்க்கும் கூம்புச் செல்கள் மரபணு அளவிலேயே பழுதாகிவிட்டன. பகல் வெளிச்சமே அவற்றுக்குக் கூச்சம். கிளிப்டோடானுக்கு மட்டும் கழுகுக் கண்ணா இருந்திருக்கும்? ஆகவே சண்டை பெரும்பாலும் தங்களுக்குள்தான் இருந்திருக்கும், எதிரெதிரே நின்று மாற்றி மாற்றி. டீடிகூரஸ் ஓட்டில் முறிவுத் தடங்கள் உண்டு. வால் அடியின் வேகத்தைக் கணக்குப் போட்டவர்கள் அந்த முறிவுக்கு அது போதும் என்றார்கள். அந்த ஓடு மேலும் கீழும் கெட்டி, நடுவில் ரொட்டி என்று கோலப்பொடி அக்கா எழுதினார்களே, ஹெல்மெட்டும் அதே யுக்திதான்.

பூனைக்கு வேறு வழி இருந்தது. அரிசோனாவில் கிடைத்த ஒரு குட்டி கிளிப்டோதேரியத்தின் நெற்றியில் இரண்டு துளைகள், கோரைப்பல் இடைவெளியில். குட்டிக்குத் தலைக்கவசம் இன்னும் முற்றவில்லை.

#22 பின்வரிசை

ஃபேஸ்புக்கில் ஒரு படம் சுற்றுகிறது. ஆதிமனிதர்கள் கிளிப்டோடான் ஓட்டைக் குடிசையாக்கிக் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நிஜமா?

#23 கடல்காக்கை

அதன் மூலம் ஃப்ளோரென்டினோ அமேகினோ. அர்ஜென்டினாவின் புதைபடிவ ஆய்வாளர், அங்கே பெரிய பெயர், 1880 வாக்கில் எழுதியது. கவிழ்ந்து கிடந்த ஓட்டின் அடியில் மண் தோண்டப்பட்டு, சுற்றிலும் கரியும் சாம்பலும் இருந்ததாகச் சொல்லி, மரமே இல்லாத பம்பாஸ் சமவெளியில் மழைக்கும் காற்றுக்கும் மனிதன் இதற்குள் ஒதுங்கினான் என்றார். மரமில்லாத நிலம் என்பது உண்மை, அந்தக் காற்றை நான் வாங்கியிருக்கிறேன். ஆனால் மனிதனே தென் அமெரிக்காவில்தான் தோன்றினான் என்று வாதிட்டவரும் அவர்தான், அதனால் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன். இன்றைய படத்தில் அந்தச் சந்தேகம் இல்லை. ஒண்டிக்கொண்டிருக்கலாம், குடும்பம் நடத்தினார்கள் என்பது கற்பனை.

#24 மரபணு மல்லி

குடியிருந்தார்களோ இல்லையோ, தின்றார்கள். வெனிசுவேலாவின் ஃபால்கோன் மாநிலத்தில் கிடைத்த கிளிப்டோதேரியம் மண்டையோடுகளில் நெற்றியில் அடித்து உடைத்த குழிவு இருப்பதை 2022இல் வெளியிட்டார்கள். ஓட்டை உடைக்க முடியாது, நெற்றி மெல்லிசு. மனிதனுக்கும் பூனைக்கும் ஒரே யோசனை.

அதைவிடப் பெரியது 2024இல் வந்தது. புவெனஸ் ஐரஸை ஒட்டிய மெர்லோவில், ரெகோன்கிஸ்தா ஆற்றங்கரையில் நியோஸ்க்லெரோகாலிப்டஸ் என்ற கிளிப்டோடான் வகை ஒன்றின் இடுப்பெலும்பிலும் வாலிலும் ஓட்டிலும் வெட்டுத் தடங்கள். கல் கத்தியால் சதை எடுக்கும்போது விழும் தடம், சதை அதிகம் இருக்கும் இடமாகப் பார்த்து. வயது சுமார் 21,000 ஆண்டு. அந்தக் கண்டத்துக்கு மனிதன் வந்தது அதற்கு வெகுநாள் கழித்து என்றுதான் நாங்கள் படித்தோம்.

#25 வம்பன்

தடம் என்றால் தடம்தானா? ஆற்றுக் கல் உரசினாலும் கோடு விழும்.

#26 மரபணு மல்லி

அதைத்தான் அவர்களும் அளந்து பார்த்தார்கள், கோட்டின் குறுக்குவெட்டு வடிவத்தை. பல்லும் கல் உரசலும் ஒதுங்கின. ஆனாலும் ஓர் எலும்புக்கூடுதான், நீங்கள் சந்தேகப்பட இடம் உண்டு. இன்னொன்று கிடைக்கட்டும். ஒன்று மட்டும் நிச்சயம்: அந்த வயது சரியென்றால், மனிதன் வந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொன்று தீர்த்தான் என்ற கதை நிற்காது. பத்தாயிரம் ஆண்டுக்கு மேல் இரண்டும் சேர்ந்து வாழ்ந்திருக்கின்றன. கடைசியில் வெப்பநிலை மாறிப் புல்வெளி சுருங்கிய நேரமும் வேட்டையும் ஒன்றாக வந்துவிட்டன என்று நான் நினைக்கிறேன்.

#27 பின்வரிசை

கோலப்பொடி அக்கா, அதை விற்றால் என்ன விலை போகும்?

#28 கல்லுடைப்பான்

வேண்டாம் தம்பி. அர்ஜென்டினாவில் 2003 முதல் 25.743 என்ற சட்டம் இருக்கிறது, புதைபடிவம் அரசுச் சொத்து. இணையத்தில் அர்ஜென்டினா ஓட்டுத் துண்டு என்று யாராவது விற்றால் கிட்டப் போகாதீர்கள். ஃபுளோரிடாவில் ஆற்றடி நிலம் அரசுடையது. சுறாப்பல் எடுக்கலாம், எலும்பு எடுக்க அனுமதிச் சீட்டு வேண்டும். அம்மாவிடம் இருக்கும் என்று நம்புகிறேன்.

எதைக் கண்டாலும் மக்களுக்குத் தோன்றுவது ஒன்றுதான் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2015 கிறிஸ்துமஸ் நாளில் புவெனஸ் ஐரஸ் பக்கம் ஓடைக்கரையில் ஒருவர் ஒரு மீட்டர் உருண்டையைக் கண்டார். உலகம் முழுக்க டைனோசர் முட்டை என்று செய்தி ஓடியது. கிளிப்டோடான் ஓடு. 2020இல் நம் பெரம்பலூர் குன்னத்தில் ஏரி வெட்டும்போது உருண்டைகள் வந்ததே, அப்போதும் டைனோசர் முட்டை என்றுதான் வாட்ஸ்அப் நிறைந்தது. அவை அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடல்பிராணி படிந்த கல்லுருண்டைகள். நான் முப்பது வருஷம் அந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லோடு குடும்பம் நடத்தியவன், எத்தனை முட்டைகளை ஏமாற்றத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன் தெரியுமா!

#29 கோலப்பொடி

சீட்டு இருக்கிறது ஐயா, கணவர் பெயரில். கெய்ன்ஸ்வில்லில் உள்ள அருங்காட்சியகம்தான் கொடுக்கிறது. கிடைத்த எலும்புகளின் விவரத்தை அவர்களுக்குத் தர வேண்டும், வேண்டுமென்றால் கேட்பார்கள், இல்லாவிட்டால் நமக்கே. படத்தோடு எழுதிப்போட்டுவிட்டோம்.

நேற்று மறுபடி போனோம். மேலே எங்கேயோ மழை, ஆறு இடுப்புக்கு மேல் ஏறிவிட்டது, இறங்கவில்லை. பக்கத்துத் தகடு அதே சரளையில் இருக்கும் என்று மகன் அடம். கரையில் உட்கார்ந்து அட்டையில் பெயர்ச்சீட்டு எழுதினான். அப்படியே தருகிறேன்:

"ராட்சத ஆர்மடில்லோ. முதுகு. 1/1000. ஆமை இல்லை."

#30 வம்பன்

கடைசி இரண்டு வார்த்தை எனக்கா?

#31 கோலப்பொடி

கேட்டேன். "அந்த மாமாவுக்குத்தான்" என்றான்.